கச்சான் வரும் வழி

மட்டக்களப்பு மாவட்டத்துச் செங்கலடிச் சந்தியிலிருந்து மேற்கே போகும் ரோட்டை நாங்கள் பதுளை ரோட்டு என்போம். அரசாங்கக் கணக்கில் அது ஏ5. பேராதனையில் தொடங்கி நுவரெலியா, பதுளை, லுணுகலை, பிபிலை, மகாஓயா என்று ஏறியும் இறங்கியும் வந்து செங்கலடியில் முடிகிறது. எங்களுக்கு அது செங்கலடியில்தான் தொடங்குகிறது. கரடியனாறும் புல்லுமலையும் தாண்டத் தாண்ட வயல் குறைந்து காடு கூடும். மழை விட்ட மாசி மாதத்துக் காலையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் வட்டையின், அதாவது வயல்வெளியின், வரம்பில் நின்றால், மேற்கே நீலமாக ஒரு கோடு தெரியும். முகில் மாதிரித்தான் இருக்கும். அப்பாயி ஒருநாளும் அதை முகில் என்று சொன்னதில்லை.

அப்பாயி என்றால் அப்பாவின் அம்மா. வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் அப்படிக் கூப்பிடுகிற வீடு எங்கள் ஊரில் எங்களுடையது ஒன்றுதான். மற்றப் பிள்ளைகளுக்கு அப்பம்மா. எனக்கு மட்டும் அப்பாயி. 1977 ஆகஸ்டில் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்தில், பசறைக்கும் லுணுகலைக்கும் நடுவில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தை விட்டு, பாதித் தூரம் லொறியிலும் மீதி நடையிலுமாக அவர் இறங்கி வந்தார். அப்பாவுக்கு அப்போது பத்தொன்பது வயது. கொண்டுவந்தது ஒரு துணி மூட்டை, ஒரு கவ்வாத்துக் கத்தி.

அந்தக் கத்தியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நுனி உள்பக்கமாக வளைந்திருக்கும். தேயிலைச் செடியின் முற்றிய கொப்பை ஒரே இழுப்பில் சரிவாக வெட்டுவதற்கான வளைவு அது. பிடி, பிடித்துப் பிடித்து எண்ணெய் போட்டது போல மினுங்கும். எங்கள் வளவில் தேயிலை ஏது? வேலியோரம் அம்மம்மா வைத்த செவ்வரத்தை வரிசைதான் இருந்தது, ஆள் உயரத்துக்கு மேல் கண்டபடி வளர்ந்து. அப்பாயி வந்த அடுத்த வருடமே அதை முழுக்க இடுப்பளவுக்கு வெட்டிவிட்டாராம். “ஐயோ, பூ மரத்த மொட்டை அடிச்சுப்போட்டா!” என்று அம்மம்மா சத்தம் போட்டிருக்கிறார். அப்பாயி பதில் பேசாமல் காட்டில் ஒரு நேரான கம்பு வெட்டி வந்து செடிகளின் தலைமேல் படுக்க வைத்து, கம்புக்கு மேலே எழும்பியதை மட்டும் கிள்ளினார். மட்டக்கம்பு. கொழுந்து எடுக்கிற பெண்கள் செடியின் மேல்பரப்பைச் சமமாக வைத்திருக்கப் பிடிக்கும் கம்பு. சில மாதங்களில் அந்தச் செவ்வரத்தை வேலி மேசை மாதிரித் தட்டையாக வந்து, ஒரு அடிக்கு நாலு பூப் பூக்கத் தொடங்கியது. அப்பாயி இரண்டு கையாலும் பூப் பறிப்பார். வேகத்தைப் பார்த்தால் பூப் பறிப்பது போலவே இருக்காது.

மட்டக்களப்பு என்ற பெயருக்கு மட்டமான களப்பு என்று பொருள் சொல்வார்கள். மலையிலிருந்து வந்த ஒருவர் எங்கள் வளவில் மட்டம் பிடித்துக்கொண்டு நின்றதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பெயர் ஞாபகம் வரும்.

இதை ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன் என்றால், நான் தமிழ் படித்தபோது நூலகத்தில் அப்பாயியும் அம்மம்மாவும் வேறு வேறு அலுமாரியில் இருந்தார்கள். மலையக இலக்கியம் ஒரு பக்கம், சி. வி. வேலுப்பிள்ளை லயம் லயமாகத் திரிந்து சேர்த்த தோட்டப் பாடல்கள் அங்கே. கிழக்கிலங்கை இன்னொரு பக்கம்; வி. சீ. கந்தையா 1964இல் வெளியிட்ட ‘மட்டக்களப்புத் தமிழகம்’ இங்கே. இரண்டையும் கும்பிட்டுத்தான் படித்தேன். ஆனால் மலை முடிந்து வயல் தொடங்கும் அந்தச் சரிவில், பதுளை ரோட்டின் இரண்டு பக்கமும், இரண்டு பாட்டும் தெரிந்த பெண்கள் இருக்கிறார்களே, அவர்களை எந்தத் தட்டில் வைப்பது? எங்கள் குசினியில் அந்த இரண்டு அலுமாரியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தேங்காய் திருவிக்கொண்டிருந்தன.

சரிவு என்பது எப்போதும் ஆள் நடமாடிய இடம். இந்தக் கரையிலிருந்து உப்பும் கருவாடும் பொதிமாடுகளில் மேலே போயின. பாக்கும் மற்றதும் கீழே வந்தன. அந்த மாட்டு வரிசைக்குத் தவளம் என்று பெயர், சிங்களத்திலும் ஏறக்குறைய அதே சொல்தான். 1626இல் போர்த்துக்கேயர் விரட்டிய முஸ்லிம்களைக் கண்டி அரசன் செனரத் இந்தக் கரையில் குடியேற்றினான் என்பது வரலாறு. 1818 ஊவா–வெல்லச கிளர்ச்சியை வெள்ளைக்காரர்கள் ஊரோடு எரித்து அடக்கியபோது, தப்பியவர்கள் கிழக்கே இறங்கினார்கள். 1977இல் அப்பாயி வந்த வழி புது வழி அல்ல.

அவருடைய முன்னோர் வந்த வழி இன்னும் நீளம். தமிழ்நாட்டுக் கிராமத்திலிருந்து மண்டபம், அங்கிருந்து கடல் கடந்து தலைமன்னார், பிறகு காட்டு வழியே கால்நடையாக மாத்தளை. 1820களில் கோப்பித் தோட்டத்துக்காகத் தொடங்கிய நடை. 1869இல் கோப்பியில் நோய் விழுந்து, பிறகு எல்லாம் தேயிலையானது. வழியில் செத்தவர்களுக்குக் கல்லும் இல்லை, கணக்கும் இல்லை. அதனால்தான் தோட்டப் பாட்டுகள் பலவற்றில் மலையை வெறும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அந்த மலையில் யாரை இழந்தோம் என்று சொல்லிக் கூப்பிடுகிறார்கள். குறிஞ்சியைக் காதலுக்கு என்று வைத்த மொழியில், மலையை இழப்பின் அடையாளமாக வைத்துப் பாடியது படிக்கத் தெரியாத பெண்கள். தமிழ்க் கவிதையில் இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று நாம் இன்னும் சரியாகப் பேசவில்லை என்பது என் எண்ணம்.

சரி, காற்றுக்கு வருகிறேன்.

வைகாசி பிறந்தால் மட்டக்களப்பில் கச்சான் எழும்பும். மேற்கிலிருந்து வரும் சுடுகாற்று. தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து ஈரத்தோடு வந்து, மேற்குச் சரிவில் மழையை எல்லாம் கொட்டிவிட்டு, மலையைக் கடந்து காய்ந்து இறங்கும்போது இன்னும் சூடேறி எங்களிடம் வருகிறது. வாய் உலரும், கண் எரியும், தென்னோலை சரசரவென்று இரவெல்லாம் அடிக்கும். “நாசமாப் போன கச்சான்” என்று அம்மம்மா முந்தானையால் விசிறிக்கொண்டு உள்ளே போய்விடுவார். அப்பாயி வெளியே வருவார். மேற்குப் பார்த்த திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்துகொள்வார்.

“கண்ணு, இது எங்கூட்டத் தாண்டி வர்ற காத்து.”

அவர் சொன்னதில் கற்பனை ஒன்றும் இல்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஊவாத் தேயிலையின் பேர்போன வாசம் ஜூலை முதல் செப்டம்பர் வரை பறிக்கும் கொழுந்தில்தான் வரும். அதற்குக் காரணம் இதே வறண்ட காற்று. “காத்து வந்தா கொழுந்து கொறையும். பேரு போடுறதுக்கு றாத்தல் காணாது. ஆனா இஸ்டோர்ப் பக்கம் போனா மணக்கும் பாரு!” என்பார். பேரு என்றால் ஒருநாள் சம்பளக் கணக்கு. இஸ்டோர் என்றால் தேயிலைத் தொழிற்சாலை. ஒரே காற்று மேலே வாசம், கீழே வெக்கை. மலையையும் கடலையும் தனித்தனியாக எழுதினால் இந்தக் காற்றை எழுதவே முடியாது.

கச்சான் காலத்தில்தான் எங்கள் கண்ணகி அம்மன் கோயில்களில் கதவு திறப்பார்கள். தம்பிலுவில், காரைதீவு, செட்டிபாளையம் என்று பேர்பெற்ற கோயில்கள் பல. பெரும்பாலானவை வருடம் முழுக்கப் பூட்டியிருந்து வைகாசிச் சடங்குக்குத் திறப்பவை. கலியாணக்கால் நட்டு, கண்ணகி கதையான வழக்குரை காவியம் படித்து, கடைசி இரவு குளிர்த்தி பாடி முடிப்பார்கள். மதுரையை எரித்தவளின் சூட்டைத் தணிப்பதற்கு ஒரு பாட்டு, ஒரு இரவு. அம்மையும் கண்நோயும் வரும் வெக்கை மாதத்தில், எரிந்தவளைக் குளிரப் பண்ணினால் ஊரும் குளிரும் என்ற நம்பிக்கை. பூசை செய்பவரைக் கப்புகனார் என்போம். சிங்களவர் கோயில்களில் அவரே கபுறாளை. அவர்களுக்கு அவள் பத்தினித் தெய்யோ.

கண்ணகியும் மலையேறிய பெண்தான். இதை நான் பள்ளியில் சிலப்பதிகாரம் படித்தபோது கவனிக்கவில்லை. அவள் புகார்க் கடற்கரையில் பிறந்தாள், மதுரைக்கு நடந்தாள், புருசனை இழந்தாள், மேற்கே நடந்து சேரநாட்டு மலையில் வேங்கை மரத்தடியில் நின்றாள். அவளை முதலில் தெய்வம் என்று கும்பிட்டது அரசனும் புலவரும் அல்ல, மலைக் குறவர். குன்றக்குரவை அவர்களுடைய ஆட்டம். பிறகுதான் செங்குட்டுவனுக்குத் தெரிகிறது, அவன் கோயில் எடுக்கிறான், கடல்சூழ் இலங்கைக் கயவாகு வேந்தனும் அங்கே வந்து நிற்கிறான். இன்றும் தேனி மாவட்டத்துக் கூடலூருக்கு மேலே, தமிழ்நாட்டுக்கும் கேரளாவுக்கும் எல்லையான மலைமுகட்டில் மங்கலதேவி கண்ணகி கோயில் இருக்கிறது. சித்திரைப் பௌர்ணமிக்கு ஒருநாள் இரண்டு பக்கத்து மக்களும் ஏறிப் போகிறார்கள். அடுத்த மாதம் எங்கள் கதவு திறக்கிறது.

வழிநடைக்காக இளங்கோ எழுதிய ஒரு வரி எனக்கு மனப்பாடம். “முல்லையும் குறிஞ்சியும் முறைமையின் திரிந்து, நல்லியல்பு இழந்து நடுங்குதுயர் உறுத்துப், பாலை என்பதோர் படிவம் கொள்ளும்.” காடும் மலையும் தம் இயல்பு கெட்டால் அங்கே பாலை பிறக்கும். பாலைக்கு இலக்கணம் பிரிவு. பிபிலைக்கும் மகாஓயாவுக்கும் இடையில் ஆவணி மாதத்தில் ஒரு தடவை பஸ்ஸில் போய்ப் பாருங்கள், இந்த வரி ஜன்னலுக்கு வெளியே ஓடும். தொல்காப்பியர் இன்னும் கறார். திணைகள் மயங்கலாம், “திணைமயக் குறுதலும் கடிநிலை இலவே”. ஆனால் நிலமும் நிலமும் மயங்குவதில்லை என்று அடுத்த அடியிலேயே சொல்லிவிட்டார். மலை மலைதான், வயல் வயல்தான், மனிதர்தான் கலப்பவர்கள். என் அப்பாயியும் அம்மம்மாவும் கடைசிவரை அப்படித்தான் இருந்தார்கள். ஒருவர் மற்றவராக மாறவில்லை.

சில வருடங்களுக்கு முன் பாணமைக்குப் போயிருந்தேன். அம்பாறை மாவட்டத்தின் தெற்கு முனையில், பொத்துவிலைத் தாண்டிய ஊர். அங்கே ஒரே வீட்டில் சிங்களமும் தமிழும் கேட்கும். ஊவாவிலிருந்து தப்பி வந்தவர்களின் வழி நாங்கள் என்று சொல்கிறவர்களும் அங்கே உண்டு. நான் போனது அங்கெலிய பார்க்க. காட்டில் வெட்டிய வளைந்த கொம்புகள் இரண்டைக் கொக்கி போல மாட்டி, ஒன்றை அசையாமல் கட்டி, மற்றதில் வடத்தைப் போட்டு ஊரே இழுக்கும். எந்தக் கொம்பு முறிகிறதோ அந்தப் பக்கம் தோற்றது. எங்கள் ஊர்களில் இதைக் கொம்புமுறி என்போம். கோவலனும் கண்ணகியும் கொக்கத்தடியால் பூப் பறிக்கும்போது தடிகள் இரண்டும் சிக்கிக்கொண்ட கதைதான் இரண்டுக்கும். ஒரு பக்கம் கோவலன், ஒரு பக்கம் கண்ணகி. சிங்களத்தில் பாலங்கவும் பத்தினியும்.

நான் வடத்துக்குப் பக்கத்தில் நின்றேன். முதல் இழுப்பில் ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவதில் கொம்பு மெல்ல முனகியது, கதவு திறப்பது மாதிரி. பிறகு ஒரு வெடி. அத்தனை பேரும் பின்னால் விழுந்தார்கள். பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் தமிழிலேயே, “உங்கட பக்கம் என்ன சொல்லுவீங்க, வடக்கா தெற்கா?” என்று கேட்டார். வடசேரி, தென்சேரி என்றேன். “எங்கட பக்கம் உடுபில, யட்டிபில. மேல், கீழ்.”

அந்த இரவு முழுக்க இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். கடற்கரையில் வாழ்கிறவனுக்கு உலகம் வடக்கும் தெற்குமாக நீண்டு கிடக்கிறது. மலையில் வாழ்கிறவனுக்கு மேலும் கீழும்தான் திசை. ஒரே விளையாட்டை மலையிலிருந்து கரைக்கோ கரையிலிருந்து மலைக்கோ யாரோ கொண்டுபோயிருக்கிறார்கள். போன இடத்தில் திசையை மட்டும் மாற்றிக்கொண்டார்கள். கொம்பு மாறவில்லை, பூ மாறவில்லை, முறியும் சத்தம் மாறவில்லை.

அப்பாயிக்கு ஒரு அண்ணன் இருந்தார். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில், நாடற்றிருந்த இந்திய வம்சாவளியினர் ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் பேரை இரண்டு அரசாங்கங்கள் எண்ணிப் பங்கு போட்டன: 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரின் கணக்குப் பத்து வருடம் கழித்து. அண்ணன் இந்தியப் பங்கில் விழுந்தார். தங்கச்சி இலங்கைப் பங்கில். அவரை நீலகிரிக் கூடலூரில், தாயகம் திரும்பியவர்களுக்கென்று தமிழ்நாட்டு அரசு போட்ட தேயிலைத் தோட்டத்தில் சேர்த்தார்கள். கண்ணகி கோயிலுக்குக் கீழே உள்ள கூடலூர் வேறு, இது வேறு. இது தமிழ்நாடும் கேரளாவும் கர்நாடகமும் முட்டுகிற மலை. அங்கிருந்து வருடத்துக்கு ஒன்றிரண்டு நீல ஏரோகிராம் வரும். வாசிப்பது என் வேலை. ஒன்றில் இப்படி இருந்தது: “இங்கயும் மலைதான் தங்கச்சி. இங்கயும் கொழுந்துதான். மழை மட்டும் மேக்க இருந்து வருது.”

பசறைப் பக்கத்துக்கு மழை கிழக்கிலிருந்து, வாடையோடு வரும். கூடலூரில் ஆனி ஆடியில் கொட்டும். அண்ணன் தலையில் மழையாக விழுந்த அதே தென்மேற்குக் காற்று, தங்கச்சியின் திண்ணைக்குக் கச்சானாக வந்து சேர்ந்தது. அந்த ஒரு வரியை விடப் பெரிய குடிபெயர்வு இலக்கியத்தை நான் படித்ததில்லை. போர் மூண்டு பதுளை ரோட்டில் பஸ் ஓடாமல் போன வருடங்களில் கடிதமும் நின்றது. பிறகு வரவில்லை.

குடிபெயர்தல் என்ற சொல் மட்டக்களப்பில் கொஞ்சம் வேறு மாதிரி வலிக்கும். இங்கே குடி என்பது தாய் வழியாக வரும் குலம். நான் அம்மாவின் குடி. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போக வேண்டும், அதனால் அப்பா வந்து சேர்ந்தது யாருக்கும் புதுமையாகத் தெரியவில்லை. ஆனால் கோயில் திருவிழா குடிக்கொரு நாள். அப்பாயி ஒருமுறை, ஒரு நாள் பூவும் விளக்கெண்ணெயும் தன் பெயரில் கொடுக்க ஆசைப்பட்டுக் காசு சேர்த்துக்கொண்டு போனார். நானும் கூட. கோயில் பொறுப்பில் இருந்தவர் கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு, “நீங்க என்ன குடி?” என்று கேட்டார். கெட்ட மனதோடு கேட்கவில்லை, எல்லாரிடமும் கேட்பதுதான்.

அப்பாயி கொஞ்சம் யோசித்தார். “வந்த குடிங்கய்யா.”

கொப்பியில் அதற்கு ஒரு பக்கம் இல்லை. காசை முந்தானையில் முடிந்துகொண்டு திரும்பி வந்தோம். எனக்கு இன்றைக்கும் அந்த நடை ஆறவில்லை. 1948இல் குடியுரிமைச் சட்டம் தோட்டத்து மக்களிடம் கேட்ட கேள்வியும் அன்று அந்தக் கொப்பி கேட்ட கேள்வியும் ஒன்றேதான் என்று எனக்கு அப்போதே தெரிந்திருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன்.

அதற்கு அடுத்த வருடத்துக் குளிர்த்தி இரவு. எனக்குப் பதினான்கு வயது. பொங்கல் பானைகளின் புகையும் வேப்பிலை வாசமுமாக வீதி நிறைந்திருந்தது. எங்கள் செவ்வரத்தை முழுக்க உள்ளே போயிருந்தது, அம்மம்மாவின் பெயரில். அப்பாயி கூட்டத்துக்கு வெளியே, மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். உள்ளே உடுக்கு அடித்துக் குளிர்த்தி தொடங்கியது. மெதுவான, இழுத்து இழுத்து வரும் தாளம்.

அதே தாளத்தில் அப்பாயி வாய்க்குள்ளே வேறு ஒன்றைப் பாடிக்கொண்டிருந்தார். மாசி மாதம் தோட்டத்தில் காமன் கூத்து ஆடுவார்கள். அதில் ரதி புலம்புகிற பாட்டு. நான் கேட்டிருக்கிறேன். அம்மம்மா கேட்டதில்லை. பொங்கலைப் பார்க்கச் சொல்லிவிட்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“மச்சாள், ஆருக்கு அழுறீங்க?”

“ரதிக்கு, சம்மந்தி. புருசன போகாத போகாதன்னு சொன்னா. கேக்கல. சிவன் கண்ணத் தொறந்து எரிச்சுப்புட்டாரு.”

“அவள் ஒண்டும் எரிக்கேல்லயா?”

“இல்ல. அழுதா. அவ்ளோதான்.”

அம்மம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. உள்ளே பாட்டு முடிந்து கப்புகனார் குளிர்த்தித் தண்ணீர் தெளிக்கத் தொடங்கினார். அம்மம்மா எழும்பிப் போய் ஒரு செம்பில் வாங்கி வந்தார். அப்பாயியின் உள்ளங்கையை விரித்து ஊற்றினார்.

“தலையில தெளிங்க மச்சாள். மிச்சத்த அந்தப் பக்கம் தெளிங்க, அவளுக்கு.”

அப்பாயி எழும்பி நின்று, மேற்கே திரும்பித் தெளித்தார்.